கொழும்பு வீட்டில் எக்ஸோஸ்ட் ஃபேனும் தெர்மோஸ்டாட்டும்: முழுமையான வயரிங் வழிகாட்டி

கொழும்பில் குளியலறை முகடு கறுத்துப் போவதும், குசினி அலுமாரிக் கதவு உப்பி மூட மறுப்பதும், மதியத்துக்குப் பின் மேல்மாடி அறை அடுப்பாய்க் கொதிப்பதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். உள்ளே தேங்கும் ஈரமும் சூடும் வெளியேற வழியில்லை. யன்னலைத் திறந்து வைத்து வாழ்ந்த வீடுகள் குறைந்துவிட்டன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிக் குளியலறைகள் பலவற்றில் யன்னலே இல்லை. இருப்பதும் பக்கத்துக் கட்டடச் சுவரைப் பார்த்திருக்கும். அங்கே எக்ஸோஸ்ட் ஃபேன் அத்தியாவசியப் பொருள்.

ஃபேனை வாங்குவது எளிது. கம்பி தொடுப்பதும் அத்தனை கடினமில்லை. ஆனால் ஈரமான இடத்தில், கைக்கெட்டும் உயரத்தில், வருடக்கணக்கில் ஓடப்போகும் ஒரு மின்கருவி அது. அதனால் நிறங்களை நிறங்களோடு சேர்ப்பது மட்டும் இந்த வழிகாட்டிக்குப் போதாது. கசிவு ஏற்பட்டால் கரண்ட் எங்கே போகும், தெர்மோஸ்டாட் (வெப்பத்தைப் பார்த்துத் தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிச்) எந்த வெப்பத்தில் எந்தப் பக்கம் திரும்பும், வெளியேறும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்து வரும் என்ற மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே உள்ள லைட் சர்க்கிட்டிலிருந்து சிறிய ஃபேன் ஒன்றுக்கு இணைப்பு எடுப்பதும், பழைய ஃபேனைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவதும் கவனமும் மல்டிமீட்டரும் உள்ள ஒருவர் புரிந்துகொள்ளக்கூடிய வேலை. டி.பி. பெட்டியில் (வீட்டின் சர்க்கிட்டுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) புதிய பிரேக்கர் சேர்ப்பது, புதிய சர்க்கிட் இழுப்பது, ஏர்த் கம்பி இறக்குவது ஆகியவற்றைத் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். அப்படிக் கொடுக்கும்போதும் இதைப் படித்துவிட்டு அருகில் நில்லுங்கள். வயரிங் பாஸ் என்ன செய்கிறார் என்று புரிந்தால் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

முதலில் ட்ரிப் சுவிச், பிறகுதான் ஃபேன்

நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இலங்கையில் வீடுகளின் ஏர்த் பொதுவாக அந்தந்த வீட்டு நிலத்தில் இறக்கிய ஏர்த் கம்பியோடு முடிகிறது. இதன் விளைவைப் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. ஏர்த்தின் மொத்தத் தடை 20 ஓம் என்று வையுங்கள். ஃபேனின் உலோக உடலில் லைவ் பட்டால் ஏர்த் வழியே ஓடுவது 230 ஐ 20 ஆல் பிரித்தால் வரும் 11.5 அம்பியர். 20 அம்பியர் எம்.சி.பி., அதாவது டி.பி.யில் உள்ள சிறிய பிரேக்கர், இதற்கு அசையவே அசையாது. ஃபேனின் உடல் உயிர்ப்போடு அப்படியே காத்திருக்கும்.

நம் வீடுகளில் இந்த ஆபத்தைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. என்கிற ட்ரிப் சுவிச்தான். லைவில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி அம்பியரைத் தொடுவதற்குள் துண்டித்துவிடும். உங்கள் டி.பி.யில் இருக்கும் ட்ரிப் சுவிச்சின் முகப்பைப் பாருங்கள்: 30 மில்லி அம்பியர் அல்லது 0.03 அம்பியர் என்று அச்சிட்டிருக்க வேண்டும். பழைய வீடுகளில் 100 மில்லி அம்பியர் சுவிச்சும் இருக்கும். அது தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்ற அதை நம்ப முடியாது. டெஸ்ட் பொத்தானை அமுக்குங்கள். விழவில்லை என்றால், அல்லது அப்படியொரு சுவிச்சே இல்லை என்றால், ஃபேன் வேலையைத் தள்ளிவைத்து ஃபேனுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அதை மாற்றுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். டெஸ்ட் பொத்தான் சுவிச்சின் உள்பொறியை மட்டுமே சோதிக்கிறது. உங்கள் ஏர்த் நல்ல நிலையில் உள்ளதா என்பதை அது சொல்லாது. அதற்கு ஏர்த் மீட்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் வேண்டும். லைவையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் தொட்டவரையும் ட்ரிப் சுவிச் காப்பாற்றாது. அதற்குத் தெரிவது திரும்பி வராத கரண்ட் மட்டும்.

எந்த ஃபேன், எந்தச் சுவர்

அறையின் நீள, அகல, உயரத்தைப் பெருக்குங்கள். 2 மீற்றருக்கு 1.8 மீற்றர் குளியலறை, உயரம் 2.7 மீற்றர் என்றால் ஏறத்தாழ 9.7 கன மீற்றர். மணிக்குப் பத்து முறை காற்று மாற வேண்டுமென்றால் ஏறக்குறைய 100 கன மீற்றர். 4 அங்குல ஃபேன்கள் பலவும் இந்த அளவைத்தான் தருகின்றன. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருப்பது குழாய் எதுவும் பொருத்தாத நிலையிலுள்ள அளவு. இரண்டு மீற்றர் நெளிகுழாயும் ஒரு வளைவும் சேர்ந்தாலே அது கணிசமாகக் குறையும். குழாய் போவதாக இருந்தால் 6 அங்குலத்தையே வாங்குங்கள். குசினிக்கு மணிக்கு 15 முதல் 20 முறை என்று கணக்கிடுங்கள். சாதாரணக் குசினிக்கு 8 அங்குலம் தேவைப்படும்.

சுவரைத் தெரிவதில் மழையையும் நினைக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து மேற்குச் சுவரில் அடிக்கும். காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருக்கும் வீடுகளில் மேற்குச் சுவரில் ஃபேன் வைத்தால் காற்று ஃபேனை எதிர்த்துத் தள்ளும், மழைத் தூவானம் மோட்டருக்குள் போகும், உப்புக் காற்று ஸ்க்ரூக்களைத் தின்றுவிடும். கிழக்கு, வடக்குச் சுவர்களைப் பாருங்கள். மேற்கைத் தவிர வேறு வழியே இல்லையென்றால் வெளியே மழைமூடியும் தானாக மூடும் தகடும் போட்டு, குழாயை வெளிப்பக்கம் சற்றுச் சரித்து வையுங்கள். ஒரு கம்பி வலையும் அவசியம். அணிலும் குளவியும் வெறும் துவாரத்தை விட்டுவைக்காது.

கூரை அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் அதில் துளையிடவே வேண்டாம். துளையிடும்போது பறக்கும் நார் நுரையீரலுக்குப் போய்த் தங்கும் பொருள். கூரையின் இரு சரிவுகளுக்கும் இடையே உள்ள முக்கோணச் சுவரில் துவாரம் எடுங்கள். தொடர்மாடியில் வெளிச்சுவரை உடைக்கும் முன் முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

குளியலறையில் ஷவருக்கு நேர் மேலே, தரையிலிருந்து 2.25 மீற்றருக்குள், தண்ணீர் தெறிக்கும் இடத்தில் ஃபேன் வருமென்றால் ஐ.பி.எக்ஸ்.4 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்க்காப்பு உள்ளதையே வாங்குங்கள். 12 வோல்டில் ஓடுவது இன்னும் நல்லது. அதன் ட்ரான்ஸ்ஃபோர்மர் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். சுவிச்சும் வெளியேதான்.

உள்ளே காற்று வரும் வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கதவு தரையோடு ஒட்டி மூடினால் எவ்வளவு பெரிய ஃபேனும் வெறுமனே இரையும். கதவின் கீழ் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள், அல்லது கதவில் கிறில் ஒன்று பொருத்துங்கள்.

வாங்க வேண்டியவை

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ உங்கள் சந்தியிலுள்ள ஹார்ட்வெயார் கடையிலோ வயர் கேட்கும்போது சதுர மில்லிமீற்றரைவிடக் கம்பிக் கணக்கைச் சொன்னால் உடனே புரியும். லைட், ஃபேன் வேலைக்கு 1/1.13, அதாவது 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி, ஏறத்தாழ 1 சதுர மில்லிமீற்றர். பிளக் சர்க்கிட்டுக்கு 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர். 30 வாட் ஃபேன் எடுப்பது வெறும் 0.13 அம்பியர் என்பதால் 1/1.13 தாராளமாகப் போதும். பழைய வீட்டுச் சுவர்களில் 3/029, 7/029 என்ற அங்குலக் கணக்கு வயர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேலுறை விரலால் மடக்கும்போதே நொறுங்கினால் அதில் எதையும் சேர்க்காதீர்கள். அந்தப் பகுதியை மாற்றத்தான் வேண்டும்.

நிறங்கள் இரண்டு காலத்தவை. பழையதில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். புதியதில் பிரவுண் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் ஏர்த். ஒரே வீட்டில் இரண்டும் கலந்திருப்பது சாதாரணம். சுவிச்சிலிருந்து திரும்பும் லைவைக் கறுப்பில் இழுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆகவே நிறத்தை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு மீட்டரால் உறுதிசெய்யுங்கள்.

இவற்றோடு ஒரு சுவிச், சன்க் பொக்ஸ் (சுவரில் புதைக்கும் சுவிச் பெட்டி), வயர் போகும் கொன்டியூட் குழாய் அல்லது கேசிங், மூடியுள்ள ஜங்ஷன் பொக்ஸ், நல்ல கனெக்டர்கள், இரண்டு முனைகளையும் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஒன்று, மல்டிமீட்டர். பிளக் சர்க்கிட்டிலிருந்து இணைப்பு எடுப்பதென்றால் ஃபியூஸ் உள்ள கனெக்ஷன் யூனிட் போட்டு அதில் 3 அம்பியர் ஃபியூஸ் வையுங்கள். சதுரப் பின் 13 அம்பியர் பிளக்கில் ஃபேனை மாட்டினாலும் இதே கதைதான். பிளக்கோடு வருவது 13 அம்பியர் ஃபியூஸ். 30 வாட் மோட்டரின் மெல்லிய வயர் எரிந்து முடிந்த பிறகும் அது அப்படியே இருக்கக்கூடும்.

சுடுதண்ணீர் கீசர் பக்கத்தில் இருக்கிறதே என்று அதன் வயரிலிருந்து ஃபேனுக்கு இழுக்க வேண்டாம். அது தனிச் சர்க்கிட்டாகவே இருக்கட்டும்.

கரண்ட் இல்லை என்று நிரூபிப்பது

எம்.சி.பி.யை மட்டும் விழுத்திவிட்டு வேலை தொடங்குவது நம்மிடையே பரவலான பழக்கம். வீட்டு எம்.சி.பி. பொதுவாக லைவை மட்டுமே துண்டிக்கும்; நியூட்ரல் தொடர்ந்து இணைந்தே இருக்கும். வேறு சர்க்கிட்டின் நியூட்ரலை யாரோ இதில் சேர்த்திருந்தால், நீங்கள் கழற்றும் கணத்தில் அந்த முனை உயிர் பெறும். ஆகவே இரண்டையும் துண்டிக்கும் மெயின் சுவிச்சை ஒஃப் செய்யுங்கள். மெயினில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, வீட்டிலுள்ளவர்களிடம் வாயாலும் சொல்லுங்கள்.

2022 இல் நீண்ட மின்வெட்டுகளைப் பார்த்த பிறகு பற்றரி இன்வேர்ட்டர் வைத்த வீடுகள் அதிகம். மெயின் விழுந்தவுடன் இன்வேர்ட்டர் தானாக எழுந்து லைட் சர்க்கிட்டுக்குக் கரண்ட் கொடுக்கும். அதையும், பற்றரியோடு கூடிய சோலார் இருந்தால் அதையும், தனித்தனியே நிறுத்தினால்தான் வேலை செய்யலாம்.

அடுத்து மூன்று கட்டச் சோதனை. கரண்ட் உள்ள ஓர் இடத்தில் மல்டிமீட்டரை வைத்து 230 அளவில் காட்டுகிறதா என்று பாருங்கள்; அதை மெயின் ஒஃப் செய்யும் முன்பே செய்துகொள்ளலாம். ஒஃப் செய்த பின் வேலை செய்யப்போகும் இடத்தில் லைவ்-நியூட்ரல், லைவ்-ஏர்த், நியூட்ரல்-ஏர்த் மூன்றையும் அளந்து பாருங்கள். கடைசியில் மீட்டர் இன்னும் உயிரோடு உள்ளதா என்று தெரிந்த மின்மூலம் ஒன்றில் மீண்டும் பாருங்கள். இன்வேர்ட்டரின் சொந்த வெளியீட்டுப் பிளக் இதற்கு உதவும், அது இல்லையென்றால் பற்றரி ஒன்றில் டி.சி. அளவையாவது பாருங்கள். ஸ்க்ரூ ட்ரைவர் வடிவ டெஸ்டர் எரியவில்லை என்பது கரண்ட் இல்லை என்பதற்கு ஆதாரமில்லை. காய்ந்த ரப்பர்ச் செருப்போடு மர ஸ்டூலில் நிற்கும் ஒருவரின் உடல் வழியே ஓடும் மிகச் சிறிய கரண்டை நம்பி அது எரிகிறது. எரியாமல் போக எத்தனையோ வழிகள் உண்டு.

சாதாரண ஃபேன்: ஒரு சுவிச், மூன்று கம்பி

லைட் சர்க்கிட்டில் நிரந்தர லைவ் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. நம் வீடுகள் பலவற்றில் சுவிச் பெட்டிக்குள் லைவ் மட்டும் வந்து போகும், நியூட்ரல் மேலே ஜங்ஷன் பொக்ஸில் அல்லது சீலிங் ரோஸில் (முகட்டில் லைட் வயர் இணையும் வட்டப் பெட்டி) இருக்கும். சுவிச் பெட்டியில் நியூட்ரல் இல்லையென்று ஏர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய அளவுக்கு ஆபத்தான செயல். ட்ரிப் சுவிச் சரியாக இருந்தால் உடனே விழும். அது பழுதென்றால் வீட்டிலுள்ள ஏர்த் முழுவதும் கரண்டை ஏந்தி நிற்கும்.

1. ஜங்ஷன் பொக்ஸிலிருந்து லைவ் ஒன்றைச் சுவிச்சுக்கு இறக்குங்கள். சுவிச்சின் மறுமுனையிலிருந்து ஃபேனுக்குப் போவது சுவிச் லைவ். துண்டிக்கப்பட வேண்டியது லைவ். நியூட்ரலில் சுவிச் போட்டாலும் ஃபேன் நிற்கும், ஆனால் நின்ற ஃபேனின் உள்ளே 230 வோல்ட் அப்படியே இருக்கும்.

2. நியூட்ரலை நேராக ஃபேனுக்குக் கொண்டுபோங்கள். லைவ் எந்தச் சர்க்கிட்டிலிருந்து வந்ததோ நியூட்ரலும் அதே சர்க்கிட்டிலிருந்து வர வேண்டும். இரண்டு ட்ரிப் சுவிச் உள்ள வீட்டில் இதை மாற்றினால் ஃபேனைப் போட்டவுடன் ஒன்று விழும்.

3. ஏர்த்தையும் கொண்டுபோங்கள். ஃபேனின் பட்டியில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்புள்ளது, ஏர்த் முனை இருக்காது. அப்போதும் ஏர்த் கம்பியை அந்த இடம் வரை இழுத்து, கனெக்டரில் பாதுகாப்பாக முடித்து வையுங்கள். நாளைக்கு வருபவர் உலோக உடலுள்ள ஃபேனைப் பொருத்தலாம்.

4. முனைகளில் உறையை எட்டு முதல் பத்து மில்லிமீற்றர் வரை உரித்து, செம்பு வெளியே தெரியாதபடி செருகி இறுக்குங்கள். பிறகு ஒவ்வொன்றையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வருவது நல்லது. முறுக்கி டேப் சுற்றிய மூட்டு கடற்கரைப் பக்கத்தில் சில வருடத்தில் பச்சை பிடித்துச் சூடாகும். அதைச் செய்யவே வேண்டாம்.

5. வயரைப் பெட்டியின் கீழ்ப்பக்கத்திலிருந்து நுழையுங்கள், அல்லது நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

சீலிங் ஃபேன் ரெகுலேட்டரோ லைட் டிம்மரோ இதற்குப் பொருத்த வேண்டாம். சிறு எக்ஸோஸ்ட் மோட்டர்கள் அதில் முனகிச் சூடேறும். வேகம் குறைய வேண்டுமென்றால் இரண்டு வேகமுள்ள ஃபேனையே வாங்குங்கள்.

டைமர் உள்ள ஃபேன்

குளித்து முடித்து லைட்டை அணைத்த பிறகும் 15 நிமிடம் ஓடும் ஃபேன் கொழும்புக்கு மிகப் பொருத்தமானது. ஈரப்பதத்தை உணர்ந்து தானாக ஓடும் வகை விலை கூடியது, ஆனால் நம் ஊருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. 60, 65 வீதத்தில் ஓடத் தொடங்கும்படி அமைந்து வரும் ஃபேன், வெளிக்காற்றே இரவில் 80 வீதத்துக்கு மேல் ஈரமாக இருக்கும் நகரத்தில் எப்போது நிற்கும்? உள்ளே இழுக்கும் காற்றும் ஈரமாகவே வருகிறது.

டைமர் ஃபேனில் நிரந்தர லைவ், சுவிச் லைவ், நியூட்ரல் என மூன்று முனைகள் இருக்கும். நிரந்தர லைவ் மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கிறது. சுவிச் லைவ் லைட் எரிகிறதா இல்லையா என்ற செய்தியை மட்டும் சொல்கிறது. சீலிங் ரோஸிலிருந்து நிரந்தர லைவையும், லைட்டுக்குப் போகும் சுவிச் லைவையும், நியூட்ரலையும் எடுத்து ஏர்த்தோடு நான்கு கம்பியாக ஃபேனுக்குக் கொண்டுபோகலாம். இடையில் மூன்று முனை ஐசொலேட்டர் வையுங்கள். லைட் அணைந்திருக்கும்போதும் இந்த ஃபேனுக்குள் கரண்ட் இருக்கும். துடைக்க ஏறுபவர் லைட் சுவிச்சை நம்பி மூடியைக் கழற்றிவிடக் கூடாது.

பொருத்திய பின் லைட்டை அணைத்தவுடனே ஃபேனும் நின்றுவிட்டால் நிரந்தர லைவும் சுவிச் லைவும் இடம் மாறியுள்ளன என்று முதலில் சந்தேகியுங்கள்.

தெர்மோஸ்டாட்: எந்தப் பக்கம் திரும்புகிறது?

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். சந்தையில் கிடைக்கும் அறைத் தெர்மோஸ்டாட்களில் பல, குளிர் நாடுகளின் ஹீட்டருக்காகச் செய்யப்பட்டவை. வெப்பம் குறைந்தால் இணைக்கும், கூடினால் துண்டிக்கும். அதை அப்படியே நம் கூரை ஃபேனுக்குப் போட்டால் விடியற்காலையில் ஓடி, மதியத்தில் நின்றுவிடும். நமக்கு வேண்டியது வெப்பம் ஏறும்போது இணைக்கும் தொடுமுனை. மூன்று முனையுள்ள தெர்மோஸ்டாட் என்றால் பொதுமுனைக்கு லைவ், குளிரூட்டலுக்கென்று குறித்த முனையிலிருந்து ஃபேன். குறியீடு தெளிவாக இல்லையென்றால் கரண்ட் கொடுக்காமலே கண்டுபிடிக்கலாம்: மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலிக்கும் நிலையில் வைத்து, தெர்மோஸ்டாட்டை ஹெயார் ட்ரையரால் மெல்லச் சூடாக்குங்கள். சூடேறும்போது எந்த இரண்டு முனைகளுக்கிடையே ஒலி தொடங்குகிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டியது. பனல் பெட்டிகளுக்கென விற்கும் சிறிய குமிழ் வகையில், வழக்கமாகச் சிவப்புக் குமிழ் ஹீட்டருக்கு, நீலக் குமிழ் ஃபேனுக்கு.

டிஜிட்டல் வகையில் எஸ்.டி.சி.-1000 மலிவாகக் கிடைக்கிறது, கூரை இடைவெளிக்கும் இன்வேர்ட்டர் அலுமாரிக்கும் நன்றாக உதவும். அதன் முனைகள்: 1, 2 கருவிக்கான மின்சாரம், 3, 4 உணரி, 5, 6 சூடாக்கும் ரிலே, 7, 8 குளிரூட்டும் ரிலே. 12 வோல்ட், 24 வோல்ட் பதிப்புகளும் விற்பனையில் உள்ளதால் மேலே ஒட்டியுள்ள வரைபடத்தையும் வோல்டையும் படித்த பிறகே தொடுங்கள். லைவை 1 க்குக் கொடுத்து அங்கிருந்தே ஒரு துண்டு வயரால் 7 க்கும் கொடுங்கள். 8 இலிருந்து ஃபேனின் லைவ். நியூட்ரல் 2 க்கும் ஃபேனுக்கும். 7, 8 இலிருந்து தானாகக் கரண்ட் வருமென்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த ரிலே வெறும் சுவிச், நாம் கொடுத்ததையே அது கடத்தும். உணரி வயர் மெல்லியது. 230 வோல்ட் வயர்களோடு ஒரே குழாயில் போடாதீர்கள்.

அமைப்பில் எஃப்1 நிறுத்தும் வெப்பம், எஃப்2 வித்தியாசம், எஃப்3 தாமதம். எஃப்1 ஐ 33 என்றும் எஃப்2 ஐ 3 என்றும் வைத்தால் 36 பாகையில் ஃபேன் தொடங்கி 33 இல் நிற்கும். எஃப்3 குளிர்சாதன கொம்ப்ரசருக்கான காத்திருப்பு. மூன்று நிமிடமாக இருந்தால் கரண்ட் கொடுத்தவுடன் விளக்கு மின்னிக்கொண்டு ஃபேன் காத்திருக்கும். பழுதென்று எண்ணிக் கழற்றாமல் அதை ஒன்றுக்குக் குறைத்துவிடுங்கள்.

எண்ணைத் தெரிவு செய்வதில் ஒரே விதி. வெளிக்காற்றை இழுக்கும் ஃபேனால் அறையை வெளிவெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. கொழும்பில் இரவிலும் 25, 26 பாகை இருப்பது சாதாரணம். 25 என்று வைத்தால் ஃபேன் விடிய விடிய ஓடி மின்கட்டணத்தை மட்டுமே ஏற்றும். கூரை இடைவெளிக்கு 35 அளவில் தொடங்கட்டும். இன்வேர்ட்டரோ ரவுட்டரோ உள்ள மூடிய அலுமாரிக்கு 36 முதல் 38. படுக்கை அறைக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம், சுவிச் போதும்.

உணரியை எங்கே வைப்பது என்பதிலும் அவசரப்பட வேண்டாம். வெயில் படும் ஓட்டோடு ஒட்டி வைத்தால் ஓட்டின் வெப்பத்தைச் சொல்லும். ஃபேனுக்குப் புதுக்காற்று வரும் வழியில் வைத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒன், ஒஃப் ஆகி ரிலேயைத் தேய்க்கும். கூரை உச்சிக்குக் கீழே ஓர் அடி தள்ளி, காற்றில் தொங்கவிடுங்கள். வயர் கொன்டியூட்டுக்குள் போகட்டும். கூரைக்குள் எலி கடிக்காத வீடு அரிது.

ரிலே 10 அம்பியர் என்று எழுதியிருப்பது ஹீட்டர் போன்ற சுமைக்கு. மோட்டர் நிற்கும்போது தொடுமுனையில் தீப்பொறி எழும். 40, 50 வாட் ஃபேனுக்கு இது பிரச்சினையில்லை. பெரிய மோட்டர்களை இயக்க வேண்டுமானால் இடையில் கொன்டக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் ரிலே) வையுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இடிக்கும் ஊர் இது. டிஜிட்டல் கருவி போட்டவர்கள் டி.பி.யில் மிகைமின் தடுப்புக் கருவியும் போடுவது நல்லது. அது முடியாதென்றால் குமிழ் வகைத் தெர்மோஸ்டாட்டே நீண்ட காலம் உழைக்கும்.

கரண்ட் கொடுத்துப் பார்த்தல்

மெயினை எழுப்பும் முன் தொடர்ச்சி பாருங்கள்: ஃபேனின் உலோகப் பகுதிக்கும் டி.பி.யின் ஏர்த்துக்கும் இடையே தடை ஓரிரு ஓமுக்குள் இருக்க வேண்டும். லைவுக்கும் ஏர்த்துக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. எல்லா மூடிகளையும் பூட்டிய பிறகே மெயின். முதலில் ட்ரிப் சுவிச், பின்பு அந்த எம்.சி.பி., கடைசியில் ஃபேன் சுவிச். ஃபேன் ஓடும்போதே ட்ரிப் சுவிச்சின் டெஸ்ட் பொத்தானை அமுக்கி, ஃபேன் நிற்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு கதவை மூடி, கதவின் அடியில் மெல்லிய டிஷ்யூத் தாள் ஒன்றைப் பிடியுங்கள். அது உள்ளே இழுபட்டால் காற்று சரியாக ஓடுகிறது.

குசினி ஃபேன் உள்ள வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைக்க வேண்டியது இது: காஸ் மணந்தால் ஃபேன் சுவிச்சைத் தொடவே கூடாது. ஒன் செய்யும்போதும் ஒஃப் செய்யும்போதும் சுவிச்சுக்குள் தீப்பொறி எழும். சிலிண்டர் வால்வை மூடுங்கள், கதவு யன்னல்களைத் திறவுங்கள். எல்.பி. காஸ் காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும். மேலே இருக்கும் ஃபேன் அதை வெளியேற்றாது.

கோளாறுகள்

இரைச்சல் இருந்தும் சுழலவில்லை என்றால் கரண்டை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு அல்லது துரு. இலகுவாகச் சுழன்றால், கப்பாசிட்டர் உள்ள மோட்டர் என்றால் அதுதான் போயிருக்கும். தொடும் முன் அதன் மின்னேற்றத்தை இறக்கிவிட வேண்டும்.

ஃபேன் போட்டவுடன் ட்ரிப் விழுந்தால் மோட்டருக்குள் ஈரம் போயிருக்கலாம், அல்லது நியூட்ரல் எங்கோ ஏர்த்தைத் தொடுகிறது, அல்லது வேறு சர்க்கிட்டின் நியூட்ரல் சேர்ந்துள்ளது. மழை நாட்களில் மட்டும் விழுந்தால் முதலாவதுதான். ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுத்து ஓட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

காற்று தலைகீழாக வருகிறது என்று லைவையும் நியூட்ரலையும் மாற்றிப் போடுபவர்கள் உண்டு. இந்த மோட்டர்களின் திசை அதனால் மாறாது; சுவிச் நியூட்ரல் பக்கம் போய்விடும் ஆபத்து மட்டுமே கூடுகிறது. ஃபேன் முகம் மாறிப் பொருந்தியுள்ளதா, வெளித் தகடு திறக்கிறதா என்று பாருங்கள்.

பராமரிப்பு சிறியது. ஐசொலேட்டரை ஒஃப் செய்து குளியலறை ஃபேனை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், குசினி ஃபேனை மாதம் ஒருமுறையும் துடையுங்கள்; மோட்டரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடலுக்கு அருகே இருப்பவர்கள் வருடம் ஒருமுறை முனை ஸ்க்ரூக்களை இறுக்கிப் பாருங்கள். ட்ரிப் சுவிச்சை மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் செய்யுங்கள். எந்த எம்.சி.பி. இந்த ஃபேனுக்குரியது, லைவும் நியூட்ரலும் எந்த ஜங்ஷன் பொக்ஸிலிருந்து வருகின்றன, தெர்மோஸ்டாட்டின் எண்கள் என்ன என்பதை ஒரு தாளில் வரைந்து டி.பி. கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள்.